மீஸான் கல்: நடும் இடம், உயரம், எழுத்து

எந்த மையவாடிக்கு (முஸ்லிம்களின் அடக்கத்தலத்துக்கு) போனாலும், கபுருக்கு (புதைகுழிக்கு) அடையாளமாக நட்டு, சாய்ந்து நிற்கும் மீஸான் கற்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கும்: கபுருக்கு உள்ளே. தலைமாட்டுக் கல் கால்மாட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும்; கால்மாட்டுக் கல் தலைமாட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும். நட்டவர் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாகத்தான் நட்டிருப்பார். தப்பு கல்லிலும் இல்லை, கையிலும் இல்லை. நட்ட இடத்தில் இருக்கிறது.

குழி வெட்டி எடுத்த மண்ணைத் திரும்பத் தள்ளினால் அது பழைய இறுக்கத்துக்கு வராது. உள்குழியை மூடி அடுக்கிய பலகை சில ஆண்டுகளில் மக்கி உடையும். அப்போது மேல்மண் அரை அடி இறங்கும். மணற்பாங்கான இடத்தில் ஒரு அடிகூட இறங்கும். அந்தத் தளர்ந்த மண்ணில் ஊன்றிய கல்லும் மண்ணோடு சேர்ந்து உள்ளே இறங்கும். அடியில் சிமெண்ட் போட்டு நட்டால் சாயாது என்று சிலர் நினைக்கிறார்கள். சிமெண்ட் கட்டி கல்லின் எடையைக் கூட்டுகிறதே தவிர, கீழே இருக்கிற மண்ணை இறுக்காது. சாய்வது இன்னும் சீக்கிரமாகும். பிறகு நிமிர்த்தவும் முடியாது.

வெட்டிய குழியின் தலைமாட்டு (வடக்கு) விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி, கடப்பாரை படாத கெட்டி மண்ணில் நடுவதுதான் சரி. தலைமாட்டில் அடையாளம் என்ற நோக்கத்துக்கு அந்த ஆறு அங்குலம் குறுக்கே வராது. ஆனால் அந்த ஆறு அங்குலம் அடுத்த வரிசைக்காரரின் கால்மாடாக இருந்துவிடக் கூடாது. அதனால்தான் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியாவது விட்டுக் குழி போட வேண்டும் என்கிறோம். குழி வெட்டுகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஜனாஸா (இறந்தவரின் உடல்) வாசலுக்கு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

கல்லின் மொத்த நீளம் இரண்டரை அடி என்று வையுங்கள். ஒரு அடி மண்ணுக்குள், ஒன்றரை அடி வெளியே. ஒரு அடிச் சதுரத்தில் 14 அங்குல ஆழம் தோண்டி, அடியில் 2 அங்குலத்துக்குக் கருங்கல் ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். கல்லை இறக்கி, முன்பக்கம் ஒருமுறை, விலாப்பக்கம் ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு நான்கு அங்குலத்துக்கு ஒரு அடுக்காக ஜல்லியும் மண்ணும் கலந்து போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். எல்லா மண்ணையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதித்துவிட்டுப் போனால் முதல் மழையோடு கதை முடிந்தது. ஜல்லிக்குப் பதில் செங்கல் உடைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். நெருப்பில் சுட்டதைக் கபுருக்குள் வைப்பதை ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் விரும்புவதில்லை. இந்தக் குழி கபுருக்கு வெளியேதான் இருக்கிறது என்றாலும், பெரியவர்கள் பார்த்தால் பேச்சு வரும். ஜல்லியே போட்டுவிடுங்கள்.

இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், மூன்று அங்குலக் கனம் உள்ள கருங்கல் சுமார் 48 கிலோ இருக்கும். இரண்டு ஆள் வேலை. வண்டி உள்ளே போகாத மையவாடியில் கல்லை உருட்டிக்கொண்டு போய் வழியில் உள்ள கபுருகளின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டிலில் வைத்து நடைபாதை வழியே தூக்கிப் போக வேண்டும். கபுரின் மேல் உட்காருவதைவிட, ஆடையை எரித்துத் தோலைத் தொடும் நெருப்புக் கங்கின் மேல் உட்காருவது மேல் என்று இமாம் முஸ்லிமின் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. ஒருவருக்கு அடையாளம் வைக்கப் போய் இன்னொருவரை மிதிப்பது என்ன கணக்கு?

எப்போது நடுவது

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் கல் நின்றாக வேண்டும் என்று பல வீடுகளில் பிடிவாதம் பிடிப்பார்கள். கல்லுக்கும் நாற்பதுக்கும் மார்க்கத்தில் முடிச்சு எதுவும் கிடையாது. மண்ணைக் கேட்டால் அது வேறு தேதி சொல்லும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுதாக அடித்து ஓயட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் குடித்து இறங்க வேண்டியது இறங்கிவிடும். தை, மாசி வாக்கில் நட்டால் போதும்.

அதுவரை என்ன செய்வது? அடக்கம் செய்த அன்றே, கூட்டம் கலைவதற்கு முன், தலைமாட்டில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். வேப்பங்கட்டையோ பனங்கட்டையோ போதும். மண்ணுக்குள் போகும் பாதிக்குத் தார் பூசினால் கரையான் சீக்கிரம் ஏறாது. பச்சை மட்டையோ மருதாணிக் கொம்போ மட்டும் நட்டுவிட்டு வருவது அடையாளத்துக்கு உதவாது: மட்டையை ஆடு தின்னும், கொம்பு ஒன்று பட்டுப்போகும் அல்லது புதராகும். பச்சை மட்டைக்கு ஆதாரம் வேறு. வேதனை செய்யப்படும் இரண்டு கபுருகளைக் கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு பச்சைப் பேரீச்சை மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றிலும் ஒன்றை ஊன்றினார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. அது வேதனை குறைவதற்காகச் செய்தது, கபுரைக் கண்டுபிடிக்க வைத்த குறி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மழைக்குப் பிறகு பள்ளம் விழுந்த கபுருக்கு மண் போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. குழியிலிருந்து வந்த மண்ணுக்கு மேல் வெளிமண் கொட்டி உயர்த்த வேண்டாம் என்பது இமாம் ஷாஃபிஈயின் கருத்து. கபுரு அளவுக்கு மீறி உயர்ந்துவிடும் என்பது காரணம். பள்ளத்தை நிரப்புவது உயர்த்துவதாகாது. அடக்கம் செய்த அன்று மிஞ்சிய மண்ணை வாரிக் கொட்டிவிடாமல், மதிலோரம் இரண்டு சாக்கில் கட்டி வைத்தால் அதே மண் மழைக்குப் பிறகு கைகொடுக்கும்.

அடையாளம் என்றால் எவ்வளவு

இந்த விஷயத்துக்கு வேர் ஒரு கல்தான். நபி (ஸல்) அவர்களின் பால்குடிச் சகோதரர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அடக்கப்பட்டதும், நபியவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். அவரால் தூக்க முடியவில்லை. நபியவர்களே எழுந்து போய், சட்டைக்கையை மேலே மடித்துவிட்டு, கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். ‘என் சகோதரரின் கபுரை இதைக் கொண்டு அறிந்துகொள்வேன். என் குடும்பத்தில் மரணிப்பவரை இவர் அருகில் அடக்குவேன்’ என்று சொன்னதாக அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அனுப்பிய ஆளால் தூக்க முடியாத கல். எழுத்து கிடையாது, செதுக்கல் கிடையாது. காரணமும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது: கண்டுபிடிக்க, பக்கத்தில் அடக்க.

எதிர்ப்பக்கத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நிற்கிறது. கபுரைச் சுண்ணாம்பு பூசுவதையும், அதன் மேல் உட்காருவதையும், அதன் மேல் கட்டுவதையும் நபியவர்கள் தடுத்தார்கள் என்று முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. திர்மிதி தொகுப்பில் எழுதுவதையும் தடுத்தார்கள் என்று கூடுதலாக இருக்கிறது. உயர்த்தப்பட்ட கபுரு எதையும் சமப்படுத்தாமல் விடாதே என்று அலீ (ரலி) அவர்கள் அபுல் ஹய்யாஜ் அல்அஸதீயை அனுப்பிய செய்தியும் முஸ்லிமில்தான். மீஸான் பற்றிய எல்லாச் சட்டமும் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓடுகிறது.

உயரம் ஒரு சாண். கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. ஏறக்குறைய ஒன்பது அங்குலம். இது கபுரு மேட்டின் உயரம், கல்லின் உயரம் அல்ல. பார்த்தவுடன் கபுரு என்று தெரிய வேண்டும், யாரும் மிதித்துவிடக் கூடாது, அதற்குத்தான் சாண். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் உள்ள ஷாஃபிஈ மத்ஹபினருக்கு (சட்டப் பள்ளியினருக்கு) மேட்டை மேலே தட்டையாக விடுவது சிறந்தது. உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஜமாஅத்துகளில் (பள்ளிவாசல் சமூகங்களில்) ஒட்டகத் திமில்போலக் கூம்பாக ஒதுக்குவார்கள். நபியவர்களின் கபுரைத் திமில்போல இருக்கக் கண்டதாக சுஃப்யான் அத்தம்மார் சொன்னது புகாரியில் இருக்கிறது. இதற்காக மையவாடியில் சண்டை போட வேண்டாம். எந்த வடிவமானாலும் இரண்டு மழையில் ஒன்றாகிவிடும்.

உஸ்மான் இப்னு மழ்ஊனின் கபுரைப் பற்றி இன்னொரு குறிப்பும் புகாரியில் உண்டு. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் தாங்கள் இளைஞர்களாக இருந்தபோது, அந்தக் கபுரைத் தாண்டிக் குதிப்பவன்தான் தங்களில் பெரிய தாண்டல்காரன் என்று காரிஜா இப்னு ஸைத் சொல்கிறார். மேடு ஓரளவு பெரியதாகத்தான் இருந்திருக்க வேண்டும். உயர்த்தலாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

கல்லின் உயரத்துக்கு ஹதீஸில் அளவு இல்லை. தரைக்கு மேல் ஒரு அடி முதல் ஒன்றரை அடி போதும் என்பது எங்கள் கணக்கு. புல் வளர்ந்தாலும் தெரியும், காற்றில் ஆடாது. மூன்றடிக் கல் வைத்தால் அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் நான்கடி வைப்பார்கள். ஒன்றா இரண்டா என்பதில், தலைமாட்டில் ஒன்று வைப்பது சுன்னத் (நபிவழி). கால்மாட்டிலும் வைக்கலாம் என்று ஷாஃபிஈ அறிஞர் மாவர்தீ சொல்லியிருக்கிறார். இடம் நெருக்கடியான மையவாடியில் தலைமாட்டுக் கல் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மலாய் நாட்டில் ஆணுக்கு உருண்டைக் கல், பெண்ணுக்குத் தட்டைக் கல் என்று வைப்பார்கள். வழக்கம்தான், சட்டம் இல்லை. மீஸான் என்றால் அரபியில் தராசு. கல்லுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

கல் நேராக நிற்பது கபுரின் திசையையும் பொறுத்தது. மய்யித்தை (இறந்தவரின் உடலை) வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிப்லாவை (தொழும் திசையான மக்காவை) நோக்கி வைக்க வேண்டும். நம் பக்கத்தில் கிப்லா மேற்கு என்பதால் தலை வடக்கே போகும். ஆனால் சென்னையில் கிப்லா நேர்மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. கொழும்பில் சுமார் 25 பாகை. ஆகவே கபுரின் நீளவாட்டு நேர்வடக்காக ஓடாது, அதே அளவு கிழக்கே திரும்பும். மையவாடி மதிலையோ தெருவையோ பார்த்துக் கயிறு பிடிப்பதால்தான் வரிசை கோணலாகிறது. பள்ளிவாசலின் கிப்லாச் சுவர் சரியான திசையில் கட்டப்பட்டிருந்தால் அந்தச் சுவருக்கு இணையாகக் கயிறு கட்டினாலே போதும். கல்லின் எழுத்துப் பக்கம் கபுருக்கு வெளிப்புறம், அதாவது வடக்கே நடைபாதையைப் பார்த்து இருக்கட்டும். உள்பக்கம் பார்த்தால் படிப்பதற்குக் கபுரின் மேலேயே வந்து நிற்பார்கள்.

எந்தக் கல்

கருங்கல்தான் முதல். அடுத்தது எது என்று கேட்டால் தயங்குவோம். கடப்பாக் கல் மலிவு, லேசு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம், ஏடு ஏடாகப் படிந்தது. ஒரு அங்குலப் பலகையாக நட்டால் சில ஆண்டில் ஓரத்திலிருந்து செதில் எழும்பும், அந்தச் செதிலோடு எழுத்தும் உதிரும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் விளிம்பைப் பாருங்கள். நகத்தால் கீறினால் கோடு பிரிகிற பலகையை ஒதுக்கிவிடுங்கள். வெள்ளை மார்பிள் மழைநீரில் மெல்ல அரிக்கும். அதிலும் கடலோரத்தில் எழுத்தின் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். கான்கிரீட்டில் வார்க்கிறவர்கள் உறுதிக்கென்று உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறார்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கல்லை உள்ளிருந்து பிளக்கும். இரண்டரை அடிக் கல்லுக்குக் கம்பியே தேவையில்லை.

சீமைக் கருவேலம் வெட்டிய குப்பையை மையவாடியிலேயே எரிப்பது இன்னொரு கேடு. சூடேறிய கருங்கல் மேல்தோல் உரிந்து சில்லாகப் பெயரும். எரிப்பதென்றால் மதிலுக்கு வெளியே.

கபுரைச் சுற்றி டைல்ஸ் பதிப்பது, கட்டில்போல மார்பிள் மேடை எழுப்புவது, கைப்பிடிக் கம்பி வைப்பது எல்லாம் இப்போது பெருகியிருக்கின்றன. பொது மையவாடியில் கபுரின் மேல் கட்டுவது ஹராம் (மார்க்கம் தடுத்தது), கட்டினால் இடிக்கப்பட வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. காரணம் இடம்: அது எல்லோருக்கும் விடப்பட்ட நிலம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கபுருக்கு அகலம் இரண்டரை அடியும் பக்கத்தில் ஒன்றரை அடியும், நீளம் ஆறரை அடியும் தலைமாட்டில் ஒன்றரை அடியும் வைத்தால் 4 × 8 = 32 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 13 கபுரு போகும், பொதுப்பாதை விட்டால் 10. மண் மட்டும் இருந்தால், உடல் முழுதும் மக்கிவிட்டது என்று அந்த மண்ணை அறிந்தவர்கள் சொன்ன பிறகு அதே இடத்தில் இன்னொருவரை அடக்கலாம். மேடை கட்டிவிட்டால் அந்த இடம் போனது போனதுதான். இடம் பிடித்து வைக்கிறோம் என்று உயிரோடு இருப்பவருக்காக நான்கு மூலையில் கல் ஊன்றுவதும் அதே குற்றத்தில் சேரும். இறைநேசர்களின் தர்காக்களைப் பற்றிய வாதம் வேறு, அதற்கு வேறு ஆதாரங்களை எடுத்துவைப்பார்கள். பொது மையவாடியில் அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

சிங்கப்பூரில் நிலத்தின் நெருக்கடி அரசு விதியாகவே வந்துவிட்டது. 1998 முதல் அடக்கத்துக்கு 15 ஆண்டு வரம்பு. அதன் பிறகு எச்சங்களை எடுத்து வேறு கபுரில் சேர்த்து அடக்குகிறார்கள். அங்குள்ள சுவா சூ காங் மையவாடியில் அடங்கியிருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் இதே விதிதான். ரியாத்தில் 2015இல் மன்னர் அப்துல்லாஹ்வை அல்ஊத் மையவாடியில் பெயர் பொறிக்காத கபுரில் அடக்கினார்கள். நம்மூரில் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. பெயர் தெரிய வேண்டியிருக்கிறது.

என்ன எழுதுவது

எழுதுவதற்குத் தடை வந்திருக்கும்போது எழுதலாமா? ஷாஃபிஈ மத்ஹபில் அடிப்படைச் சட்டம் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). அடையாளத்துக்கு வேறு வழியில்லாமல் பெயர் மட்டும் எழுதினால் வெறுப்பில்லை என்று பிற்கால அறிஞர்கள் சிலர் விளக்கினார்கள். கபுரின் தடம் அழிந்துவிடாமல், அவமதிக்கப்படாமல் இருக்கத் தேவைப்பட்டால் எழுதுவதில் குற்றமில்லை என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் எழுதுகிறார். ஹதீஸ் தொகுப்பாளர் ஹாகிம், எழுதுவதைத் தடுக்கும் அந்த ஹதீஸைப் பதிந்துவிட்டு, ஆனால் நடைமுறை இதன்மேல் இல்லை, கிழக்கிலிருந்து மேற்குவரை முஸ்லிம் இமாம்களின் கபுருகளில் எழுதப்பட்டிருக்கிறது என்றார். அவருக்குப் பின் வந்த அறிஞர் தஹபீ அதை ஏற்கவில்லை. ஆயிரம் ஆண்டுப் பேச்சு இது.

வேடிக்கை என்னவென்றால், தென்கிழக்கு ஆசியாவில் இஸ்லாம் பரவிய காலத்தை வரலாற்றாசிரியர்கள் படிப்பது பெரும்பாலும் இந்த மக்ரூஹான எழுத்துகளிலிருந்துதான். சுமத்ராவில் இருந்த சமுத்ரா பாசாய் அரசின் சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹ் 1297இல் இறந்தார் என்று தெரிவது அவருடைய கல்லால். ஜாவாவின் கிரெசிக்கில் 1419இல் இறந்த மவ்லானா மலிக் இப்ராஹீமின் மார்பிள் கல் குஜராத்தின் கம்பாயத்திலிருந்து கப்பலேறிப் போனது. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளிலும் அரபு எழுத்து செதுக்கிய கற்கள் நிற்கின்றன.

இன்றைய தேவைக்கு வருவோம். பெயர், தகப்பனார் பெயர், வஃபாத்தான (இறந்த) தேதி. இதற்கு மேல் ஒன்று சேர்ப்பதென்றால் வீட்டுப் பெயரையோ பட்டப்பெயரையோ சேருங்கள். ஒரே ஊரில் காதர் முஹையத்தீன்கள் எத்தனை, ஃபாத்திமாக்கள் எத்தனை! முதலெழுத்து மட்டும் போட்டால் இரண்டு தலைமுறைக்குப் பிறகு யாருக்கும் விளங்காது. தகப்பனார் பெயரை முழுதாக எழுதுங்கள். பெண்ணின் கல்லில் அவர் பெயரை விட்டுவிட்டு இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதும் பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தகப்பனார் பெயரால்தான் அழைக்கப்பட வேண்டும் என்பது மார்க்கம். ‘பின்த்’ (மகள்) போட்டு அவர் பெயரையே எழுதுங்கள். ஆணுக்கு மர்ஹூம் (காலஞ்சென்றவர்), பெண்ணுக்கு மர்ஹூமா; இதில் தவறும் கல் ஏராளம்.

ஆயத்து (குர்ஆன் வசனம்) வேண்டாம். கல் ஒருநாள் விழும். நாய் ஏறும், காக்கை எச்சமிடும், யாராவது மிதிப்பார்கள். அத்ரஈ போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் குர்ஆனைக் கபுரில் எழுதக் கூடாது என்றதற்குக் காரணம் இதுவே. இதை ஒப்புக்கொள்கிற வீட்டார்கூட ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ என்று மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்பார்கள். அதுவும் ஆயத்துதான், பகரா சூராவின் 156ஆவது வசனத்தில் வருவது. ‘குல்லு நஃப்ஸின் தாஇகத்துல் மவ்த்’ ஆலு இம்ரான் சூராவின் 185. வாய்ப்பழக்கத்தில் அது குர்ஆன் என்பதே மறந்துவிடுகிறது. பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக 786 என்று செதுக்குவதிலும் பொருளில்லை. அது ஒரு எண். போட்டோ பதித்த கல்லை எந்த ஜமாஅத்தும் உள்ளே விடக் கூடாது.

ஹிஜ்ரி தேதியில் இரண்டு தப்பு அடிக்கடி விழுகிறது. ஹிஜ்ரி நாள் மஃரிபில் (சூரியன் மறையும்போது) பிறக்கிறது. வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு வஃபாத்தானவருக்கு ஆங்கிலத் தேதி வியாழன், ஹிஜ்ரித் தேதி வெள்ளிக்கு உரியது. அடுத்தது, போனில் உள்ள காலண்டர் பல நேரம் சவூதிக் கணக்கைக் காட்டும். உள்ளூர்ப் பிறைப்படி ஒருநாள் குறையலாம். பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். வயது போடுவதாக இருந்தால் எந்தக் கணக்கு என்று முடிவுசெய்யுங்கள். 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டு.

அரபி எழுதுவதென்றால் கல்வெட்டுகிறவரிடம் தாளில் எழுதிக் கொடுத்து வந்துவிடாதீர்கள். அவர் அதை ஸ்டிக்கர் கடையில் கொடுத்து வெட்டி வாங்குவார். கடையின் பழைய மென்பொருளில் அரபியைத் தட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாகத் திரும்பி விழும். முஹம்மத் என்பது தால், மீம், ஹே, மீம் என்று தலைகீழாக உதிர்ந்து நிற்கும். அரபி தெரியாதவர் கண்ணுக்கு அது அரபியாகவே தெரியும். தமிழிலும் ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டியதும், உளி அல்லது மணல் பீச்சும் எந்திரம் படுவதற்கு முன், ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் காட்டுங்கள். வெட்டிய பிறகு திருத்த முடியாது. எழுத்து ஒரு அங்குல உயரம், 3 மில்லிமீட்டர் ஆழம் குறையாமல் இருக்கட்டும். பெயிண்ட் எழுத்து இரண்டு மூன்று வெயிலில் வெளுக்கும். ஆழமாக வெட்டிய எழுத்துக்குப் பெயிண்டே தேவையில்லை, சாய்ந்த வெயிலில் தானாகத் தெரியும்.

யார் காசு

குளிப்பாட்டுவது, கபன் (உடலைச் சுற்றும் துணி), குழி வெட்டுவது போன்ற அடக்கச் செலவை மய்யித்தின் சொத்திலிருந்து பங்கு பிரிப்பதற்கு முன் எடுக்கலாம். பகட்டான கல் அந்தச் செலவில் சேராது. வாரிசுகளில் வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் அதன் பங்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. கல் வைக்க விரும்பும் பிள்ளைகள் தங்கள் கைக்காசில் வைக்கட்டும். இதைக் கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு முன் செய்ய வேண்டிய இன்னொன்று, ஜமாஅத் அலுவலகத்தில் அளவு கேட்பது. ஒரே மையவாடியில் எல்லாக் கருத்துக்காரர்களும் அடங்குகிறார்கள். கல்லைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிய பிறகு தகராறு செய்வது இறந்தவருக்கு அழகில்லை.

கபுரு தெரியாமல் போனால்

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு வருடம் கழித்து வந்து கல் நடும்போது, தவறான கபுரில் நடுவது சாதாரணமாக நடக்கிறது. போனில் இருப்பிடம் குறித்து வைத்திருக்கிறேன் என்பார். அந்தக் குறி சில மீட்டர் முன்னே பின்னே போகும். இரண்டு கபுருக்கு நடுவே தூரம் நான்கடிதான். போன் காட்டும் வட்டத்துக்குள் ஏழெட்டுக் கபுரு இருக்கும். நாடா பிடிப்பதுதான் நம்பகமானது: அடக்கம் செய்த அன்றே தலைமாட்டுக் கட்டையிலிருந்து மதிலின் ஒரு மூலைக்கும், பள்ளிவாசலின் ஒரு தூணுக்கும் அளந்து இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். இரண்டு அளவும் இரண்டு இடத்தில் சந்திக்கும்; மூலையையும் தூணையும் சேர்க்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் கபுரு என்பதையும் எழுதிவிட்டால் இடம் ஒன்றாகிவிடும். மரத்திலிருந்து அளக்காதீர்கள், மரம் வெட்டப்படும்.

ஜமாஅத்தின் மையவாடிப் பதிவேட்டில் வரிசை எண், கபுரு எண், பெயர், தகப்பனார் பெயர், தேதி, இந்த இரண்டு அளவு ஆகியவை ஏற வேண்டும். புதர் அகற்ற ஜேசிபி உள்ளே வந்த அன்று ஐம்பது கல் பெயர்ந்து குவியும். பதிவேடு இருந்தால் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பும். இந்தியாவில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 21 நாளுக்குள் செய்ய வேண்டியது. அதில் உள்ள பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கபுரை மறக்காமல் பதியுங்கள். மூன்றடி மேடு ஒரே மழையில் கரைந்துவிடும், பெற்றோர் பல ஆண்டு தேடி வருவார்கள்.

கல் தவறான இடத்தில் நின்றால் கல்லை மட்டும் மாற்றி நடுங்கள். சரிபார்க்க என்று கபுரைத் தோண்டக் கூடாது. உடல் மக்காத கபுரைத் தோண்டுவது ஹராம்.

மக்கிய கபுரில் புதியவரை அடக்கும்போது பழைய கல் மிஞ்சும். அதை ஹவுளுக்கருகே (பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியருகே) துணி துவைக்கும் கல்லாகவோ, வாய்க்கால் மேல் பலகையாகவோ போட்டுவிடுகிறார்கள். பெயரெல்லாம் முஹம்மது, அப்துல்லாஹ் என்று மேலே தெரியும். குடும்பத்தாரிடம் சொல்லிப் பாருங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் மதிலோரம் யாரும் நடக்காத இடத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டு, பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே கல் எடுத்த தேதியை எழுதி வையுங்கள்.